விடுதிக்குக் குடும்ப அட்டை கிடையாது

திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவருக்கும், தான் பெற்ற விசுவாசத்தைத் தான் வாழும் இடத்தில் தொடர்ந்து கொண்டுசெல்லும் கடமை உண்டு. அதற்கான உரிமையும் உண்டு. கூடி ஜெபிக்கவோ, நோயாளியைப் போய்ப் பார்க்கவோ, கேட்கிறவரிடம் தன் நம்பிக்கையைச் சொல்லவோ அவர் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. தலையில் தண்ணீர் ஊற்றிய அன்றே அந்த அனுமதி கொடுத்தாகிவிட்டது. திருச்சபைச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. சொற்கள் என்னுடையவை, சாரம் அதனுடையது.

இவ்வளவு தெளிவான சட்டம் இருக்கும்போது என்ன சிக்கல் வந்துவிடப்போகிறது என்று, இந்த ஆண்டு பயிற்சி முடித்து உபதேசியார்களாகப் பங்குகளுக்குப் போகும் நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். சட்டம் குழப்பமாக இருந்தால் அவரவர் தமக்குப் பிடித்ததைச் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். தெளிவாக இருந்தால்தான் ஒருவரும் அதைச் செய்ய மாட்டார்கள். செய்யலாமா என்று எழுதிக் கேட்பார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பங்கு ஓசூர் சிப்காட்டை ஒட்டியது. தூத்துக்குடியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஆலை வேலைக்கு வந்து வீடு கட்டி உட்கார்ந்துவிட்ட குடும்பங்கள்தான் அதில் பெரும்பகுதி. தெருக்களைப் பிரித்து அன்பியங்களாக வைத்திருந்தோம். மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி, வேதம் வாசித்து, ஜெபமாலை சொல்லி, சுண்டல் சாப்பிட்டு, வராதவர்களைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடும்ப அட்டை. அட்டையில் முதல் கட்டம் குடும்பத் தலைவர் பெயர். அந்தக் கட்டம் நிரம்பினால்தான் மற்ற கட்டங்களுக்கு உயிர் வரும்.

இதற்கிடையில் எங்கள் பங்கின் எல்லைக்குள் வேறு ஒரு ஊரே முளைத்திருந்தது. அடுக்குமாடிகளை மொத்தமாக வாடகைக்கு எடுத்துப் பெண்கள் விடுதிகளாக மாற்றினார்கள். காலையிலும் மாலையிலும் இரவிலும் ஆலைப் பேருந்துகள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய், வேறு பெண்களை இறக்கிவிட்டுப் போயின. அவர்களில் ஜார்கண்டிலிருந்து வந்த கத்தோலிக்கப் பெண்கள் பலர் இருந்தார்கள். ஷிப்ட் ஒத்துவந்தால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து கடைசி வரிசைக்கும் பின்னால் நிற்பார்கள். தமிழில் நடக்கும் பூசையில் எந்த இடத்தில் மண்டியிட வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குப் புரியும். முடிந்ததும் போய்விடுவார்கள். அவர்கள் எந்த அன்பியத்திலும் இல்லை, ஏனென்றால் குடும்ப அட்டை இல்லை. குடும்ப அட்டை இல்லை, ஏனென்றால் விடுதி ஒரு குடும்பம் அல்ல. நடைமுறையில் எங்கும் ஓட்டை இல்லை. ஆட்கள்தான் வெளியே நின்றார்கள்.

தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை தொலைபேசி வந்தது. அந்த வாரம் மறைமாவட்டத்துக் குருக்கள் எல்லாருக்கும் ஆண்டுத் தியானம். ஆயர் முதல் புதிதாகப் பட்டம் பெற்றவர் வரை அனைவரும் ஒரே இடத்தில் மௌனம். போன்களை நுழைவிலேயே வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவிடுவார்கள். அந்த வாரத்தில் பங்கில் என்ன நடந்தாலும் உபதேசியார்தான் கதி. இதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பேசியவர் லட்சுமம்மா. கோயிலுக்கு மூன்று தெரு தள்ளியிருந்த விடுதியின் வார்டன். தளிக்கு மேலே ஒரு மலைக்கிராமத்துக்காரர். வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

“உபதேசியாருங்களா? உங்க சர்ச்சுப் பொண்ணுங்க இங்க சண்டேவானா மொட்டை மாடியில உக்காந்து பாட்டு பாடிக்கினு இருக்குதுங்க. உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?”

“எங்க சர்ச்சுன்னு எப்படிம்மா சொல்றீங்க?”

“கழுத்துல சிலுவை தொங்குது. பின்ன எங்க மாரியம்மன் கோயில் ஆளுங்களா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “யாரோ ஒரு பொண்ணு அத வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டுடுச்சு. நேத்து ரெண்டு பேரு பைக்ல வந்து கேட்ல நின்னுக்கினு, ‘இங்க மதம் மாத்துறீங்களாமே’ன்னு கேக்கறாங்க. எச்ஆர் சார் என்னைப் புடிச்சுக்கிட்டாரு. வியாழக்கிழமை என்கொயரி. அந்தப் பாட்டுக்காரி பசந்திய நீங்கதான் அனுப்புனீங்கன்னு ஒரு லெட்டர் இருந்தா நல்லதாம். இல்லன்னா அவளை அனுப்பிடுவாங்க.”

ஆலை விடுதியில் வேலையும் படுக்கையும் ஒன்று. வேலை போனால் படுக்கை போகும், படுக்கை போனால் அன்று மாலையே ரயில். அதுவும் மதமாற்றம் என்ற சொல்லோடு அனுப்பப்பட்டால், அவளை வேலைக்கு அழைத்துவந்த ஒப்பந்தக்காரர் மட்டுமல்ல, வேறு எந்த ஒப்பந்தக்காரரும் அவளை மறுபடி அழைத்துவர மாட்டார்.

அன்று மாலையே விடுதிக்குப் போனேன். செருப்பு அடுக்கும் ஸ்டாண்டைத் தாண்டி ஆண்களுக்கு அனுமதி இல்லை. அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, குடிநீர் டிரம், சுவரில் விடுதி விதிகள் ஒட்டிய தாள். பசந்தி வரும்வரை நான் அந்த விதிகளை வாசித்தேன். எங்கே போனாலும் சுவரில் இருப்பதை வாசிப்பது என் வழக்கம். கெட்ட வழக்கம் என்று என் மனைவி சொல்வாள்.

பசந்திக்கு இருபது வயதிருக்கும். போனுக்குக் கேமரா பொருத்தும் வரிசையில் வேலை. தமிழை லைன் லீடரிடமிருந்து கற்றிருந்தாள். அதனால் அவள் தமிழில் அவசரம் அதிகம்.

“எப்ப இருந்து ஜெபம் பண்றீங்க?”

“கிறிஸ்துமஸ் சார். அன்னிக்கு லீவு இல்ல. ரூம்ல ஒருத்தி அழுதா. ஒருத்தி அழுதா எட்டுப் பேரும் அழுவாங்க சார். நான் சொன்னேன், மேல போலாம், பாட்டு பாடலாம்னு.”

“பாட்டு மட்டுமா?”

“பாட்டு. ஒருத்தி பைபிள் படிப்பா. அப்புறம் யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டுல பிரச்சினை, பேர் சொல்லி ஜெபம். அரை மணி. ஷிப்ட் பஸ் வந்துடும் சார்.”

“ஊர்லயும் இப்படித்தானா?”

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. “ஊர்ல ஃபாதர் எப்பவாவது வருவார். காடு சார். வராத சண்டே நாங்கதான். யாராவது ஒருத்தர் நடத்துவாங்க. சண்டே ஜெபம் இல்லன்னா அந்த வாரம் என்ஜி சார்.”

‘என்ஜி’ என்பது ஆலையில் தேறாத பொருள்மீது ஒட்டும் சிவப்புச் சீட்டு. என் பங்கில் சுண்டலுக்காக அன்பியத்துக்கு வருகிறவர்களின் வாரங்களை நினைத்துப்பார்த்தேன். ஒரு சிவப்புச் சீட்டுக் கட்டு போதாது.

அடுத்ததைக் கேட்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. “வேற மதத்துப் பொண்ணுங்க யாராவது வர்றாங்களா?”

“ரெண்டு பேர். தேன்மொழிக்குக் காய்ச்சல் வந்தப்ப அவ பேர் சொல்லி ஜெபம் பண்ணோம். அப்புறம் அவளா வந்து உக்காருவா. நாங்க கூப்பிடல சார். போன்னும் சொல்லல.” மாடிப்படியைப் பார்த்துவிட்டு, “வீடியோ போட்டது அவதான். ‘நம்ம சண்டே’ன்னு எழுதி, சிவப்பு ஹார்ட் போட்டு. நல்ல பொண்ணு சார். இப்ப ரூம்ல அழுதுட்டே இருக்கா.”

லட்சுமம்மா கண்ணைத் தொலைக்காட்சிக்கும் காதை எங்களுக்கும் கொடுத்து உட்கார்ந்திருந்தார். “நல்ல பொண்ணுதான்,” என்றார் திரும்பாமலே. “நல்ல பொண்ணுங்கதான் என் வேலைக்கு உலை வைக்குதுங்க.”

பங்கு அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தேன். என்ன கடிதம் எழுதுவது? நற்கருணைப் பணியாளருக்கு நியமனக் கடிதம் உண்டு. மறைக்கல்வி ஆசிரியருக்கு உண்டு. அன்பியப் பொறுப்பாளருக்கு உண்டு. பாடகர் குழுத் தலைவருக்குக்கூட, சண்டை வந்தபோது ஒன்று தயாரித்தோம். திருமுழுக்குப் பெற்றவர் என்பதற்காக மட்டும் ஒருவரை அனுப்பும் கடிதத்துக்கு மாதிரி இல்லை. தேவையில்லை என்பதால்தான் இல்லை. தேவையில்லாத கடிதம் இல்லாததால் ஒருத்திக்கு வேலை போகப்போகிறது.

ஆயர் இல்லத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பசந்தி என்ற விசுவாசி விடுதியில் ஞாயிறு ஜெபம் நடத்த அங்கீகாரம் வேண்டி, அவசரம் என்று இரண்டு இடத்தில் குறிப்பிட்டு. பிறகு தொலைபேசியிலும் கூப்பிட்டேன். எழுத்தர் எடுத்தார். நல்ல மனிதர். பல ஆண்டுப் பழக்கம்.

“பங்குத்தந்தையோட பரிந்துரை வேணுமே, உபதேசியாரே.”

“அவர் உங்க தியானத்துலதானே இருக்கார்?”

“அப்ப தியானம் முடியட்டும்.”

“வியாழக்கிழமை விசாரணைங்க.”

“தியானம் வெள்ளிக்கிழமை மதியம் முடியுது. அவங்களைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்களேன்.”

ஆலையைக் காத்திருக்கச் சொல்லலாம் என்று அவர் நம்பியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எங்கள் வட்டத்தில் எதையும் தள்ளி வைத்துவிடலாம்.

புதன்கிழமை காலை சேவியர் சார் வந்தார். பங்குப்பேரவைத் துணைத்தலைவர். ஒரு ஆலையில் துணை மேலாளராக இருந்தவர், தூத்துக்குடிப் பக்கம். விஷயம் அவருக்கு என்னைவிட முன்பே தெரிந்திருந்தது.

“வீடியோவ நானும் பாத்தேன். நம்ம ரிஜிஸ்டர்ல அந்தப் புள்ள பேரு இருக்கா?”

“இல்லை.”

“அப்ப இல்லன்னு எழுதிக் குடுத்துருங்க. ‘மேற்படி நபர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர் அல்ல.’ ஒரு வரி. பொய்யா?”

“பொய் இல்லை.”

“பின்ன என்னத்துக்கு முழிக்கீரு? நாளைக்கு அந்தப் பைக்குக்காரனுவ நம்ம கேட்டுல வந்து நின்னா நீரா போயி பதில் சொல்லுவீரு? ஞாயித்துக்கிழமை மறைக்கல்விக்கு எம் பேத்தி வருதா. அவளை மாதிரி எத்தனை பிள்ளைக. அதுகளை யோசிச்சுத்தான் சொல்லுதேன்.”

அவரைக் கோழை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. எனக்கும் அதே பயம்தான். அன்று காலை கோயில் வாசலில் ஒரு பைக் நின்றபோது, அது பால்காரருடையது என்று தெரியும்வரை எனக்கு மூச்சு ஒழுங்காக வரவில்லை.

அவர் போனபிறகு அந்த ஒரு வரியை எழுதியும் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை, பொருட்பிழை இல்லை, எந்த மறைமாவட்டத் தணிக்கையிலும் தேறும். சேவியர் சார் சொன்னது சரி, அது உண்மைதான். ஆனால் அது ஏன் உண்மையாக இருக்கிறது என்று யோசித்தேன். அவள் பெயர் பதிவேட்டில் இல்லாததற்கு அவள் காரணமில்லை. மூன்று தெரு நடந்துபோய் ஒருவரும் எழுதவில்லை. நாங்கள் போகாததையே அவள் எங்களைச் சேர்ந்தவள் அல்ல என்பதற்குச் சாட்சியாக வைக்கப்போகிறோம். இந்த வேலையில் உங்களிடம் இப்படிப்பட்ட உண்மையான வாக்கியங்கள் நிறையக் கேட்பார்கள். ஒரு ஆளை வெளியே தள்ள உதவும் வாக்கியம் என்றால், அது எப்படி உண்மையாயிற்று என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஓர் ஊரில் போதுமான காலம் வசிக்கும் விசுவாசி, வசிப்பதனாலேயே அந்தப் பங்கைச் சேர்ந்தவர். பதிவேடு அதைக் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இதுவும் சட்டம்தான். புதிதாகக் குடிவந்தவர்களைப் பதிவது உபதேசியாரின் வேலை, அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். அந்த மாலை படிவத்தோடு மறுபடி செருப்பு ஸ்டாண்டுக்குப் போனேன்.

பெண்கள் படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பெயர், பிறந்த பங்கு, திருமுழுக்கு. சான்றிதழ் எங்கே என்று கேட்டால் எல்லாரும் ஊர் இருக்கும் திசையைக் காட்டினார்கள். சொல்லை நம்பி எழுதினேன். முதல் கட்டத்தில் சிக்கல் வந்தது. குடும்பத் தலைவர் யார்?

பெண்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்தார்கள். பிறகு பசந்தி அறிவித்தாள். “லட்சுமம்மா.”

“ஐயோ, என்னை விட்டுடுங்க,” என்றார் லட்சுமம்மா. “எங்க மாரியம்மா கோச்சுக்குவா. அப்புறம் எனக்குச் சம்பளம் நீங்க குடுப்பீங்களா?”

அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு மற்றவற்றை நிரப்பினேன்.

கடிதத்தையும் எழுதினேன். பசந்தி எங்கள் பங்கில் வசிப்பவர், திருமுழுக்குப் பெற்றவர். அப்படிப்பட்டவர்கள் தமக்குள் கூடி ஜெபிப்பது அவர்கள் வாழ்வின் பகுதி. அதற்கெனத் தனி நியமனம் நாங்கள் வழங்குவதில்லை. பங்கின் முத்திரை என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. பங்குத்தந்தையின் கையெழுத்து இல்லாமல் முத்திரை வைக்கக் கூடாது. வைக்கவில்லை. வைத்திருந்தால் கடிதம் கனமாக இருந்திருக்கும், ஆனால் யாராவது அதைக் கிளறியிருந்தால் அதில் மாட்டியிருப்பவள் பசந்திதான்.

வியாழக்கிழமை விசாரணை விடுதியின் கீழ்த்தளத்தில், சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. அன்று மட்டும் என்னையும் செருப்பு ஸ்டாண்டைத் தாண்ட விட்டார்கள். எச்ஆர் பிரவீன் சேலத்துப் பையன். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். அவருக்கும் இரவு தூக்கம் இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

“சார், எனக்குப் பர்சனலா ஒண்ணுமில்லைங்க. மேல இருந்து கேக்கறாங்க. அடுத்த வாரம் கஸ்டமர் கம்பெனில இருந்து ஆடிட்டுக்கு வர்றாங்க. இந்த நேரத்துல கேட்ல கூட்டம் சேர்ந்தா என் வேலையும் சேர்ந்து போயிரும்.”

என் கடிதத்தைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் எதுவும் இல்லை. “இதுல நீங்க அப்பாயின்ட் பண்ணதா இல்லீங்களே.”

“நாங்க அப்பாயின்ட் பண்றது இல்லைன்னுதான் எழுதியிருக்கேன்.”

முதலில் தேன்மொழியைக் கூப்பிட்டார். அரியலூர்ப் பக்கத்துப் பெண். துப்பட்டாவின் முனையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

“உன்னை யாராச்சும் மதம் மாறச் சொன்னாங்களா?”

“இல்ல சார்.”

“அப்ப எதுக்கு மாடிக்குப் போன?”

அவள் பசந்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “காத்து வரும் சார்.”

பிரவீன் தட்டச்சு செய்யத் தொடங்கி நிறுத்தினார். “மாடிச் சாவி யார் குடுத்தாங்க?”

பெண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்ததே பதிலாகிவிடும்போல் இருந்தது. லட்சுமம்மா தொண்டையைச் செருமினார்.

“நாந்தான் குடுத்தேன். துணி காயப் போட.”

“வாராவாரமா?”

“வாராவாரம் துணி அழுக்காகுது இல்ல சார்?”

அடுத்தது பசந்தி.

“உன்னை யார் இதை நடத்தச் சொன்னாங்க?”

“யாரும் இல்ல சார்.”

“யாருமே சொல்லாம நீயா எப்படிச் செஞ்ச?”

“யாரும் இல்ல சார்,” என்றாள் மறுபடியும். “அதனாலதான்.”

நான் படித்த எந்த விளக்கவுரையிலும் இதைவிடச் சரியான பதில் இல்லை. விசாரணையில் இதைவிட மோசமான பதிலும் இல்லை. பிரவீன் தட்டினார்: ‘எவருடைய அனுமதியும் இன்றித் தானாகச் செய்ததாக ஒப்புக்கொண்டார்.’

பிறகு ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். பசந்தி இனி எங்கும் எவருடனும் ஜெபம் நடத்த மாட்டார் என்று திருச்சபை சார்பில் உறுதி. கீழே என் பெயருக்கு இடம்.

“நீங்க இதுல சைன் பண்ணீங்கன்னா நான் மேல பேசி ஒரு வார்னிங்கோட முடிச்சுடுவேன் சார். இல்லன்னா டெர்மினேஷன்தான்.”

பேனாவை எடுத்தேன். பசந்தி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டால் அவள் வேலை தப்பும். அவளும் புரிந்துகொள்வாள், எல்லாரும் புரிந்துகொள்வார்கள், சேவியர் சார் எனக்கு டீ வாங்கித் தருவார். ஆனால் மூன்று தெருவைத் தாண்டி வராத ஒரு பங்கின் பெயரால், வந்தவளை நிறுத்துவதாக எழுத வேண்டும். எனக்கு நேரம் தேவைப்பட்டது. நேரம் தேவைப்படும்போது விதிமுறை கேளுங்கள். அதிகாரிகள் மறுக்க முடியாத ஒரே வேண்டுகோள் அது.

“இதை நான் எழுதிக்கொடுக்க முடியாதுங்க,” என்றேன். “நான் கொடுத்திருந்தா திருப்பி வாங்கிக்கலாம். நான் கொடுக்கலையே.”

“பின்ன யார் சார் குடுத்தது?”

“இந்தப் பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்போ கொடுத்தது. அப்ப உங்க பாலிசி இல்லை.”

“சார், இதை நான் எப்படி டைப் பண்றது?” பிரவீன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“டைப் பண்ண வேண்டாம். குடிதண்ணி டிரம்முக்குப் பக்கத்துல உங்க விடுதி விதி ஒட்டியிருக்கு. அதைக் கொஞ்சம் பாப்போமா?”

அவர் அதைப் படித்ததே இல்லை என்று நினைக்கிறேன். ஒட்டுகிறவர்கள் படிப்பதில்லை. போய்ப் பிய்த்து எடுத்துவந்தார். மொட்டை மாடியில் அனுமதியின்றிக் கூடக் கூடாது. மீறினால் எச்சரிக்கை அல்லது விடுதி மாற்றம். வேலை நீக்கம் என்ற சொல் திருட்டுக்கும் அடிதடிக்கும் மட்டும் இருந்தது. ஜெபம் என்ற சொல் எங்கும் இல்லை. அறைக்குள் அந்த அறைக்காரர்கள் என்ன செய்யலாம் என்பது பற்றியும் எதுவும் இல்லை.

“மாடி விதியை மீறினாங்க. உண்மை. அதுக்கு உள்ள தண்டனையைக் கொடுங்க. மேல கேட்டா விதிப்படி நடவடிக்கை எடுத்தாச்சுன்னு சொல்லலாம். கேட்ல கேட்டா அந்தப் பொண்ணு இங்க இல்லைன்னு சொல்லலாம். உங்க ஆடிட்டருக்கும் இது புரியும். நீக்கினா ஏன் நீக்கினீங்கன்னு எழுத வேண்டி வரும்.”

பிரவீன் அந்த வரியை விரலால் தொட்டு இன்னொரு முறை படித்தார். கடைசியில் தட்டினார்: கிருஷ்ணகிரி சாலையில் இருந்த அதே நிறுவனத்தின் இன்னொரு ஆலையின் விடுதிக்கு மாற்றம், உடனடியாக. வேலை நீடிக்கும்.

பசந்தி கேட்டாள். “ரூம்ல பெட்ல உக்காந்து ஜெபம் பண்ணலாமா சார்?”

“அது உன் இஷ்டம்.”

“பக்கத்து பெட்காரி கேட்டா?”

பிரவீன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். “கேட்டா கேட்டுட்டுப் போறா,” என்றார்.

ஒரு மணி நேரத்தில் அவளுடைய பை வாசலுக்கு வந்துவிட்டது. தேன்மொழி அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள், அழுதுகொண்டே, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே. லட்சுமம்மா ஒரு டப்பாவில் சோறு கட்டிக்கொடுத்தார். “போற எடத்துலயாச்சும் மெதுவாப் பாடு,” என்றார். ஆலையின் வேன் வந்து நின்றபோது பசந்தி என்னிடம் திரும்பினாள். அதுவரை இல்லாத பயம் அப்போது அவள் முகத்தில் இருந்தது.

“அங்க நம்ம ஆளுங்க யாராவது இருக்காங்களா சார்?”

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அந்த விடுதி எந்தப் பங்கில் வருகிறது என்பதுகூட எனக்கு நிச்சயமில்லை. இரண்டு பங்குகளின் எல்லையில் இருந்தது. இரண்டும் அதை மற்றதுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தன.

பங்குத்தந்தை தியானம் முடிந்து வந்தார். அமைதியான முகத்தோடு வந்தவர் விஷயத்தைக் கேட்டதும் வழக்கமான முகத்துக்குத் திரும்பினார். “முதல்ல என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.” கேட்டேன் சாமி, உங்கள் போன் பெட்டிக்குள் இருந்தது என்றேன். நியாயமானவர், சிரித்துவிட்டார். என் மின்னஞ்சலோடு தன் பரிந்துரையை இணைத்து ஆயர் இல்லத்துக்கு அனுப்பினார். பெரிய வியாழன் அன்று விடுதி வாசலில் போய் நின்று, எழுதிவைத்துப் படித்த இந்தியில் அந்தப் பெண்களுக்கு வணக்கம் சொன்னார். அவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு சொல்லி மாளாது. ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்கவில்லை. உட்கார்ந்தார்கள்.

மொட்டை மாடி பூட்டியே கிடந்தது. லட்சுமம்மா துணியை வராந்தாவில் காயப் போடச் சொல்லிவிட்டார். மாடி இல்லாததால் பெண்கள் அவரவர் அறையில் ஜெபித்தார்கள். எல்லாரும் ஒரே அறையில் கூட முடியாது, ஆகவே ஒவ்வொரு அறையிலும் யாராவது ஒருத்தி நடத்த வேண்டியிருந்தது. பசந்தி இருந்தவரை வாயைத் திறக்காத பெண்கள் நடத்தினார்கள். சில அறைகளில் நின்றும் போயிற்று. அதையும் சொல்லிவிட வேண்டும். பைக்குக்காரர்கள் இன்னும் இரண்டு முறை வந்தார்கள் என்று லட்சுமம்மா சொன்னார். ஒவ்வொரு ஞாயிறும் அவருடைய அழைப்பு வருமோ என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பூசை நேரத்தில்கூட.

பசந்தியிடமிருந்து எதுவும் இல்லை. நான் அனுப்பிய செய்திகளில் ஒற்றை டிக் மட்டும். மாற்றம் என்று எழுதிவிட்டு வேறு காரணம் காட்டி அனுப்பிவிட்டார்களோ, ரயிலில் ஏற்றிவிட்டார்களோ என்று பலவும் தோன்றும். விதிமுறை ஒரு ஆளை ஒரு வாசலிலிருந்து காப்பாற்றும். அடுத்த வாசலில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. பிரவீனைக் கேட்கலாமா என்று பலமுறை எண்ணினேன். தூங்குகிற விஷயத்தை நானே எழுப்பிவிடுவேனோ என்று பயந்து கேட்கவில்லை.

ஈஸ்டருக்குப் பின் வரும் பாஸ்கா காலம் பாதி கழிந்தபின் ஒரு குரல் பதிவு வந்தது. பழைய போன் உடைந்துவிட்டதாம். “சார், இங்க மாடி இல்ல. ரூம்ல அஞ்சு பேர் சார். ஒருத்தி ஒடிசா, ரெண்டு பேர் தர்மபுரி, ஒருத்தி அசாம். பாட்டு யாருக்கும் தெரியல. நான் சொல்லிக்குடுக்குறேன். வேலை ஓகே சார். ஓவர்டைம் என்ஜி.” பின்னணியில் யாரோ ஒரு வரியைத் தப்பாகப் பாட, யாரோ சிரித்தார்கள். அந்தப் பதிவை நான் எத்தனை முறை கேட்டேன் என்று கேட்காதீர்கள்.

யாராவது உங்களிடம் வந்து, ‘இதைச் செய்ய எனக்கு அதிகாரம் உண்டா’ என்று கேட்டால், படிவத்தைத் தேடாதீர்கள். திருமுழுக்கு வாங்கியாயிற்றா என்று கேளுங்கள். வாங்கியிருந்தால், எங்கே வேலை என்று கேட்டு அந்த இடத்துக்கு நீங்களும் ஒருமுறை போய்வாருங்கள். அனுமதி கேட்டு எழுத வேண்டிய கட்டாயம் வந்தால் எழுதுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை யாரையும் காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

பதில் வந்தது. ஆயர் இல்லத்தின் முத்திரையோடு, பதிவுத் தபாலில், முறையான உறையில். பசந்தி என்ற விசுவாசி, மேற்படி விடுதியில் மட்டும், பங்குத்தந்தையின் மேற்பார்வையில், குடும்ப அட்டை பெற்றிருக்கும் பட்சத்தில், ஞாயிறு ஜெபத்தை நடத்த இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறார். அதைப் படம் எடுத்து கிருஷ்ணகிரி சாலைக்கு அனுப்பிவைத்தேன். “நல்ல பேப்பர் சார்” என்று எழுதினாள். மேற்படி விடுதியில் அப்போது அவள் இல்லை. அவள் விட்டுப்போன அறைகளில் நடத்துகிறவர்களும் இரண்டு முறை மாறியிருந்தார்கள். கடிதம் என் கைக்கு வந்தது, அங்கே கூடியிருந்த அத்தனை பேர்மீதும் ஒருவர் விடாமல் தூய ஆவி இறங்கிய பெந்தகோஸ்துப் பெருவிழாவைக் கொண்டாடி முடித்த மறுநாள், திங்கட்கிழமை.